நான்கு கதவுக் காரை இரண்டு கதவாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நான்கு கதவு செடான் ஒன்றை இரண்டு கதவுக் காராக மாற்ற நினைப்பவர்களில் பலர், பின்கதவுகளை அடைத்து, கைப்பிடிகளைக் கழற்றி, மேலே தகடு வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற கணக்கோடுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்குதான் முதல் தவறு. பிறகு வரும் தவறுகளில் பாதி அதிலிருந்து பிறப்பவை. உண்மையில் இது கதவை எடுக்கும் வேலை அல்ல, தூணை நகர்த்தும் வேலை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கும் பி பில்லர், முன்கதவின் பூட்டைப் பிடித்துக்கொள்கிறது, பின்கதவின் கீல்களைச் சுமக்கிறது, கூரையைத் தாங்குகிறது, பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவருக்கு அரணாக நிற்கிறது. பல கார்களில் சீட் பெல்ட்டின் மேல்முனையும் அதில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. இத்தனை பொறுப்புள்ள ஒன்றை வெட்டியெடுத்து ஒரு சாணுக்கு மேல் பின்னால் தள்ளி நட வேண்டும் என்பதை முதலிலேயே உணர்ந்தவர், கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் நிறைய யோசிப்பார்.

இந்த ஆசை எதற்காக வருகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரே மாடலில் இரண்டு கதவுக் கார் அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும்; நான்கு கதவுக் காரோ துரு குறைவாக, மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த விலை வித்தியாசத்தைப் பிடிக்கலாம் என்று இதில் இறங்குபவர்களுக்கு இந்த வேலை ஏற்றதல்ல. மாற்றியமைத்த கார், தொழிற்சாலையிலிருந்து இரண்டு கதவோடு வந்த காரின் விலைக்கு ஒருபோதும் போகாது. நிறுவனமே இரண்டு கதவு வடிவத்தைத் தயாரிக்காத ஒரு மாடலை அப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டுமே இதற்குச் செலவிடும் உழைப்புக்குப் பொருள் உண்டு என்பது என் கருத்து.

பெயர் ஒன்று, அளவு வேறு

நிறுவனம் இரண்டு கதவு வடிவத்தையும் தயாரித்திருந்தால், துருப்பிடித்த இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கி, அதன் கதவுகளையும் கண்ணாடிகளையும் பின்பக்கத் தகடுகளையும் எடுத்துத் தன் காரில் பொருத்திவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இதில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பழைய காரின் தளமும் தூண்களும் ஓரளவாவது நன்றாக இருக்குமானால், அதைச் சீர்செய்து, நான்கு கதவுக் காரின் எஞ்சினையும் மற்ற பாகங்களையும் அதற்கு மாற்றுவதே குறைந்த வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு கார்களையும் இழக்கிறார்கள்.

இரண்டாவது, பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. மெர்சிடிஸ் டபிள்யூ123 செடானில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2,795 மி.மீ.; அதே வரிசையின் இரண்டு கதவு வடிவமான கூபேயில் 2,710 மி.மீ. அடுத்து வந்த டபிள்யூ124 வரிசையில் செடானுக்கு 2,800, கூபேக்கு 2,715. பெரிய டபிள்யூ126 வரிசையில் 2,935, 2,850. மூன்றிலும் அதே 85 மி.மீ. குறைக்கப்பட்டிருக்கிறது, கூரையும் செடானைவிடத் தாழ்ந்தது. 1966இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட இரண்டு கதவு 1600, தன் நான்கு கதவுத் தமையனைவிட 50 மி.மீ. குறுகிய அச்சு இடைவெளி கொண்டது. இத்தகைய கூபேயின் பக்கத் தகட்டை எடுத்துவந்து செடானில் வைத்துப் பார்த்தால், முன்னால் பொருந்தும்போது பின்னால் சக்கர வளைவு தள்ளி நிற்கும். வாங்குவதற்கு முன் இரண்டு கார்களையும் அளவுநாடாவால் அளந்து பார்த்தாலே இந்தச் செலவு மிச்சமாகும்.

அந்த 85 மி.மீ. எதற்காகக் குறைக்கப்பட்டது என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் அடுத்த தவறு அங்கேதான் இருக்கிறது. செடானின் நீளம் பின்னிருக்கைக்காரரின் கால்களுக்காக ஒதுக்கப்பட்டது. அந்த நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்கதவை மட்டும் மறைத்தால், முன்கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வெறும் தகடு சுவர்போல நீண்டு கிடக்கும். ஜாகுவார் எக்ஸ்ஜே செடான் இரண்டாம் வரிசையில் 4 அங்குலம் நீண்ட அச்சு இடைவெளிக்கு மாறியபோதும், அதன் கூபே பழைய குறுகிய 108.8 அங்குல அளவிலேயே நின்றது. வீட்டுப் பட்டறையில் அச்சு இடைவெளியைக் குறைப்பது இன்னொரு பெரிய அறுவைச் சிகிச்சை என்பதால் யாருக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கதவை நீட்டுவதன் மூலமும், பின்கண்ணாடியின் பக்கத்தில் கூரையைத் தாங்கும் சி பில்லரின் சாய்வையும் அகலத்தையும் மாற்றுவதன் மூலமும் அந்தச் சுவரின் நீளத்தைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டலாம்.

முன்கதவை அதன் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டுப் பின்கதவை மட்டும் அடைத்த கார், எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும், இரண்டு கதவுகளைத் தொலைத்த காராகவே தெரியும். அதோடு பின்னிருக்கைக்கு ஆள் போகவும் முடியாது. நான்கு கதவுக் காரின் முன்கதவு சுமார் ஒரு மீட்டர் நீளம் என்றால், இரண்டு கதவுக் காரில் அது பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மீட்டர் வரை போகும். புதிய கதவின் பின்விளிம்பு எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க எளிய வழி ஒன்று உண்டு. முன்னிருக்கையை உயரமான ஓட்டுநருக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளி, முதுகுப்பகுதியை முன்னால் சாய்த்து, பின்னிருக்கைக்குப் போகும் ஒருவரின் ஷூ அணிந்த கால் தடையின்றி நுழைய எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள், அதுதான் கோடு. அந்தக் கோட்டை மறைப்பு டேப்பால் காரின் மேலேயே ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று, கண்ணின் உயரத்திலிருந்து படம் எடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கணினித் திரையில் போட்ட படத்தை மட்டும் நம்பி வெட்டியவர்கள் பிறகு வருந்துவதற்குக் காரணம், திரையில் தகட்டின் வளைவு தெரியாது என்பதுதான்.

நீண்ட கதவின் எடை

கதவை நீட்டுவதற்கு இரண்டு கதவுகளை வெட்டி ஒட்டுவதே வழக்கம். இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஜாகுவாரே எக்ஸ்ஜே கூபேயின் நீண்ட கதவுகளை இரண்டு செடான் முன்கதவுகளைச் சேர்த்து உருவாக்கியது, உள்பக்க அட்டையைக் கழற்றினால் பற்றவைத்த தடம் தெரியும். தவறு வெட்டி ஒட்டுவதில் இல்லை, கீல்களைப் பழையபடியே விட்டுவிடுவதில் இருக்கிறது.

ஒரு மீட்டர் நீளமும் 25 கிலோ எடையும் உள்ள கதவின் எடைமையம் கீலிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டரில் இருக்கும். கீல்கள் தாங்கும் திருப்புவிசையை 12.5 கிலோ-மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே கதவை 1.35 மீட்டருக்கு நீட்டினால் எடை சுமார் 34 கிலோவாகவும், எடைமையம் சுமார் 67 செ.மீ. தொலைவிலும் வந்து, திருப்புவிசை 23 கிலோ-மீட்டரை நெருங்கிவிடும். நீளம் மூன்றிலொரு பங்கு கூடியதற்குச் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இறக்கத்தில் கார் நிற்கும்போது கதவைத் திறந்துவிட்டு அதன்மேல் கையூன்றி இறங்கும் பெரியவரின் எடை இந்தக் கணக்கில் இல்லை.

தேய்மானத்தையும் பாருங்கள். மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையில் 35 செ.மீ. இருக்கும்போது, மேல்கீலில் 1 மி.மீ. ஆட்டம் ஏற்பட்டால், ஒரு மீட்டர் கதவின் பூட்டுமுனை சுமார் 3 மி.மீ. தொங்கும், 1.35 மீட்டர் கதவில் அது 4 மி.மீ. ஆகிறது. பழைய கார்களில் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியே 4, 5 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், அந்தக் கதவு அடுத்த நாளிலிருந்தே கதவுத் திறப்பின் அடியில் ஓடும் சட்டமான சில் பகுதியில் உரசி பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கிவிடும். இதற்குப் பலர் தடித்த கீல் ஒன்றை வாங்கிப் பொருத்துகிறார்கள். கீல் நிற்கிறது, அதைப் பிடித்திருக்கும் முன்தூணின் மெல்லிய தகடு கிழிகிறது. கீல்களுக்கு இடையேயான தூரத்தைக் கூட்டுவதும், முன்தூணுக்கு உள்ளே 3 மி.மீ. தகட்டாலான தாங்கியை வைத்து, பளுவைத் தூணின் அகலம் முழுவதற்கும் பரப்புவதும்தான் பலன் தரும்.

வெட்டுவதற்கு முன்பும் வெட்டும்போதும்

இரண்டு பக்கத் தூண்களையும் ஒரே நாளில் வெட்டியெடுப்பது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. தனிச் சேசிஸின் மேல் உடல் அமர்ந்திருக்கும் கார்களில்கூட இது ஆபத்து. உடலும் சேசிஸும் ஒன்றேயான மோனோகாக் கார்களில் கூரை சில மி.மீ. இறங்கி, தளம் நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் எந்தத் திறப்பிலும் உட்காராது. காரைச் சஸ்பென்ஷன் தாங்கும் புள்ளிகளில் சமதளமாக நிறுத்தி, நடுவில் ஜாக்கி கொடுக்காமல், உள்ளே சதுரக் குழாய்களால் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக்கொடுத்து, திறப்புகளின் மூலைவிட்டங்களை அளந்து சுவரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும்.

முட்டுக்கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அனுபவமுள்ள டிங்கர்களே சில வேளைகளில் அதைத் தவறவிடுகிறார்கள். குழாயைக் கதவுத் திறப்பின் குறுக்கே பற்றவைத்துவிட்டால், புதிய கதவைத் தொங்கவிட்டு மூடிப் பார்க்க அந்தக் குழாயையே வெட்ட வேண்டிவரும். முட்டு மிக அவசியமான கட்டத்தில் முட்டு இருக்காது. கதவு மூடிய நிலையில் அதன் உள்பக்க அட்டை எங்கே வருமோ அதற்கும் ஒரு கையளவு உள்ளே குழாய் ஓட வேண்டும்.

இனி உறுதியைப் பற்றி. திறப்பு நீள்வதால் அதற்குக் கீழே ஓடும் சில் பகுதி, எளிய உத்தரத்தைப் போல நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளையும். 1 மீட்டரை 1.35 ஆக்கினால் அதே பளுவுக்கு வளைவு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆகவே சில்லுக்கு உள்ளே கூடுதல் தகடு வேண்டும். ஆனால் இதை வைத்து இரண்டு கதவுக் கார் என்றாலே பலவீனம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பின்கதவின் திறப்பு இருந்த இடத்தில் உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த முழுச் சுவர் வந்து, புதிய தூண் கூரைச்சட்டத்தோடும் சில்லோடும் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டிருந்தால், கார் முன்பைவிட விறைப்பாகவே இருக்க வாய்ப்புண்டு. உறுதி போவது, நடுத்தூணே இல்லாத ஹார்ட்டாப் தோற்றத்துக்கு ஆசைப்பட்டுத் தூணை இடுப்பளவில் வெட்டிவிடும்போதுதான். அழகில் மயங்கி அதைச் செய்பவர்கள் கூரைச்சட்டம், சில், தளத்தின் குறுக்குச் சட்டம் மூன்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த அளவுக்குக் கணக்குப் போடத் தெரியாவிட்டால் தூணை விட்டுவிடுவதே மேல்.

அடைத்த கதவு ஆவியாக வருவது

பின்கதவை அதன் சட்டத்திலேயே மூடி, சுற்றியுள்ள இடைவெளியில் தகட்டுப் பட்டையை வைத்துப் பற்றவைத்து, அரைத்து, பட்டி பூசி முடித்த கார் ஒன்றை நெருக்கமாகப் பார்த்தேன். நிழலில் நிறுத்தியிருந்தபோது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் அரைமணி நேரம் நின்ற பிறகு, பக்கவாட்டில் கண்ணைச் சாய்த்துப் பார்த்தால், பழைய கதவின் முழு வடிவமும் கைப்பிடி இருந்த குழி உட்பட மெல்லிய கோடாகத் தெரிந்தது. விரலை வைத்துத் தடவினால் கோட்டின் இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம். இரும்புத் தகடு ஒரு மீட்டருக்கு 50 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் சுமார் 0.6 மி.மீ. நீளும். கதவின் தகடு தன் சட்டத்தில் ஒருவிதமாகவும், இடையில் வைத்த பட்டை வேறுவிதமாகவும், தடித்த பட்டி மூன்றாவது விதமாகவும் நீண்டு சுருங்கினால் அந்தக் கோடு வராமல் இருக்காது.

அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. கதவுக் கண்ணாடியின் ஓரமாக மழைநீர் உள்ளே இறங்குவது எல்லாக் கார்களிலும் இயல்பு. கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். கதவை அடைத்துப் பற்றவைத்தபோது அந்தத் துளைகளும் அடைபட்டு, நீர் உள்ளேயே தேங்கியிருந்தது. அடியைச் சுத்தியலின் பிடியால் தட்டியபோது தகட்டின் ஓசை வரவில்லை, மட்டையைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டது.

பின்கதவை முழுவதும் அகற்றிவிட்டு, திறப்பினுள் உள்சட்டம் கட்டி, சன்னல் விளிம்பிலிருந்து சில்வரை ஒரே வெளித்தகட்டால் மூடுவதே முறை. பிரான்சின் ஆன்ரி ஷாப்ரோன் 1958இல் சிட்ரோயன் டிஎஸ் செடானைத் திறந்த கூரைக் காராக மாற்றத் தொடங்கியபோது, தொடக்க காலக் கார்களில் பின்கதவுத் தகட்டையும் பின் மட்கார்டையும் சேர்த்த இணைப்பின் மேல் குரோம் பட்டை ஒன்றை வைத்து மறைத்தார். பேர்பெற்ற கைவினைஞரே அந்த இணைப்பைப் பட்டியால் மறைக்க முயலவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இணைப்பைத் தட்டையான தகட்டின் நடுவில் விடாமல், உடலில் ஓடும் மடிப்புக்கோட்டுக்கு அருகில் கொண்டுபோய் வைத்தால் வெல்டிங் சூட்டில் தகடு நெளிவது பெருமளவு குறையும்.

வெல்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தகடுகள் பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. தடிமன் கொண்டவை. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்துப் பற்றவைத்தால் இடுக்கில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். முனையோடு முனை சேர்த்து, இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் புள்ளிபோல டாக் அடித்து, ஒரே பக்கமாகத் தொடராமல் மாறி மாறித் தாண்டி, ஒவ்வொரு புள்ளியும் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர் ஒரு மணி நேரத்தில் முடித்த தகட்டை நேராக்க ஒரு வாரம் ஆகும். பட்டியின் தடிமன் 3 மி.மீ. தாண்டினால் அந்த இடத்தில் தகட்டு வேலை முடியவில்லை என்றே பொருள்.

கண்ணாடி, இருக்கை, பெல்ட்

கண்ணாடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதிகப் பணத்தை விழுங்கும் தவறு. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றித் திடீரெனக் குளிரவைத்து உறுதியாக்கப்பட்டது. அதை வெட்ட முயன்றால் முழுவதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடிபோல அடுக்குக் கண்ணாடியாக இருந்தால்தான் வெட்டலாம். தட்டையான கண்ணாடி கொண்ட பழைய காருக்குப் புதிதாக வெட்டி வாங்குவது எளிது. ஆனால் 1957ஆம் ஆண்டு இம்பீரியல் காரில் வளைந்த பக்கக் கண்ணாடி வந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் படிப்படியாக அதைப் பின்பற்றியதால், பிந்திய கார்களுக்கு அச்சு வார்த்து வளைத்த கண்ணாடி வேண்டும்; ஆகவே எந்தக் காரின் எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று கண்டுபிடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கதவின் சட்டத்தை வளைப்பதே புத்திசாலித்தனம். நீண்ட கண்ணாடி, ஒரே தண்டால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய ரெகுலேட்டரில் ஒரு பக்கம் சாய்ந்து சிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சட்டமில்லாத கதவுக் கண்ணாடியின் ரப்பர் பொருத்தத்தை இலேசாக எடுத்துக்கொள்பவர்கள், 1973இல் காட்சிக்கு வந்த எக்ஸ்ஜே கூபே 1975இல்தான் விற்பனைக்கு வந்தது என்பதையும், தாமதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று காற்றும் நீரும் புகாமல் கண்ணாடிகளை மூடுவதில் இருந்த சிக்கல் என்பதையும் பார்க்கலாம்.

முன்னிருக்கைகள் முன்னால் மடியக்கூடியவையாகவும், நிமிர்ந்த நிலையிலிருந்து தானாக மடிந்துவிடாதபடி பூட்டு உள்ளவையாகவும் இருக்க வேண்டும். செடானின் இருக்கைக்குக் கீல் மட்டும் வைத்தவரின் முதுகை அவசரப் பிரேக்கில் அது முன்னால் தள்ளிவிடும். சீட் பெல்ட்டில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. தூண் பின்னால் போனதால் பெல்ட்டின் மேல்முனையும் பின்னால் போகிறது; ஓட்டுநர் திரும்பிக் கை நீட்டினாலும் எட்டாது, தோளின் மேல் அது படியும் கோணமும் மாறிவிடும். ஐக்கிய நாடுகளின் 14ஆம் வாகன ஒழுங்குவிதி, பயணிகள் காரின் மூன்று புள்ளி பெல்ட்டில் மார்புப் பட்டையின் மேலும் இடுப்புப் பட்டையின் மேலும் ஒரே நேரத்தில் தலா 13.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1,350 கிலோ எடைக்கு நிகரான இழுவையைக் கொடுத்து, பொருத்துப்புள்ளிகள் தாங்குகின்றனவா என்று சோதிக்கச் சொல்கிறது. ஒரு மி.மீ. தகட்டில் துளையிட்டு வாஷர் வைத்து முடுக்கிய போல்ட்டை அந்த எண்ணோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். புதிய தூணுக்குள் தடித்த தகட்டில் மரையிட்ட நட்டைப் பற்றவைத்து, அந்தத் தகட்டைத் தூணின் உள்சட்டத்தோடு இணைப்பது தூணை மூடுவதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

பதிவுப் புத்தகத்தில் உடலின் வகையும் கதவுகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும் இடங்களில், வெட்டுவதற்கு முன்பே அனுமதியும் காப்பீட்டாளரின் எழுத்துமூலச் சம்மதமும் வாங்கிவிட வேண்டும். முடித்த பிறகு கேட்டால் தகட்டின் உள்ளே என்ன செய்தீர்கள் என்று காட்ட வழியிருக்காது. ஆகையால் ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். மாற்றிய காரைத் தொழிற்சாலைக் கூபே என்று விற்க நினைப்பவர்களுக்கு அடையாள எண் இடம் கொடுக்காது: 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த செவர்லே இம்பாலாவில் நான்காவது, ஐந்தாவது இலக்கங்கள் 37 என்றிருந்தால் அது இரண்டு கதவு ஹார்ட்டாப்பாகப் பிறந்தது, 69 என்றிருந்தால் நான்கு கதவு செடானாகப் பிறந்தது.

வெட்டியெடுத்த துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போடும் அவசரமும் வேண்டாம். பின்கதவின் சன்னல் சட்டத்தின் வளைவு புதிய பக்கக் கண்ணாடியின் சட்டத்துக்கு உதவும். பழைய தூணின் அடிப்பகுதி சில்லோடு எப்படி இணைக்கப்பட்டிருந்தது என்று பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடையாது. கதவுத் தகட்டின் மடிப்புக்கோடு, பின்பக்கச் சுவரில் அதே கோட்டைத் தொடர வேண்டிய இடத்தில் அப்படியே வெட்டி ஒட்டத் தகுந்தது. பெயின்ட் அடித்து, கதவுகளை நூறு முறையாவது திறந்து மூடிப் பார்த்து, ஒரு மழைக்கு நனையவிட்ட பிறகு அவற்றை அப்புறப்படுத்தலாம்.